சண்முகக்கனியின் கரண்டு

செவல்மேட்டில் கரண்டு எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது போயேதான் கிடந்தது. எப்போது வரும் என்று கேட்பதையும் ஜனங்கள் விட்டுப் பல காலம் ஆயிற்று, கேட்டால் கேட்டவருக்குத்தான் தொண்டை வற்றும். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் மாவு மில் வைத்துப் பிழைக்க வேண்டுமென்றால் ஒன்று மலைபோலப் பொறுமை வேண்டும், இல்லாவிட்டால் கரண்டு இலாகாக்காரனைப் பிடித்து உலுக்குகிற மாதிரி ஒரு வாய் வேண்டும். ஆவுடையப்பனிடம் பொறுமை இருந்தது. அவன் பெண்டாட்டி சண்முகக்கனியிடம் வாய் இருந்தது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் மில்லும் ஓடிற்று, சண்டையும் ஓடிற்று.

மில்லுக்கு ஒரு சட்டம் உண்டு, ஆவுடையப்பனின் அப்பா காலத்துச் சட்டம். ஒரு வாளி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டால் அதை அன்றைக்கே அரைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஈர அரிசி முதலில், ஏனென்றால் அது நின்றால் புளிக்கும், கோதுமை அடுத்து, மிளகாய் கடைசியில், அதன் காரம் மற்றதில் ஏறக்கூடாது. தூக்குவாளி, எவர்சில்வர் சம்படம், பெயிண்டு டப்பா, எதுவானாலும் வரிசையில் இருந்தால் அதற்கு மரியாதை. ஆள் போய் வீட்டில் படுத்துக்கொள்ளலாம், வாளி நின்றால் போதும், ஆவுடையப்பன் வாக்குத் தவற மாட்டான் என்று ஊரே சொல்லும். சொல்லும்போதெல்லாம் சண்முகக்கனிக்கு வயிறு எரியும்.

ஏன் எரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நிற்காது. ஏழு வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு முதல் நாள், அவள் பிறந்த ஊரான கீழக்கூட்டத்திலிருந்து ஆள் வந்து, அம்மா போய்விட்டாள், உடனே வாருங்கள் என்றான். மில்லில் அதிரசத்துக்கு ஊறப்போட்ட ஈர அரிசி வாசல்வரைக்கும் நின்றது. "இந்த ஒரு ஈடு முடியட்டும், புளிச்சிரும் பாரு" என்றான் ஆவுடையப்பன். ஒரு ஈடு இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசி வாளியையும் தட்டிக் கவிழ்த்துவிட்டு அவன் கைகால் கழுவி வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது அம்மாவைக் கொண்டுபோய்விட்டார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. தெருமுக்கில் நின்று புகையைப் பார்த்துக் கும்பிட்டாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆவுடையப்பன் அவளுக்குப் பட்டுச்சேலை எடுத்தான், கல்வைத்த கம்மல் வாங்கினான், அவள் தம்பிக்குப் பெண் பார்த்தான். "என் தப்புதான்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். கிழிந்த பெல்ட்டில் தொடங்கினாலும் உப்பில்லாத குழம்பில் தொடங்கினாலும், எல்லா பஸ்ஸும் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற மாதிரி, அவர்கள் சண்டை எல்லாம் அம்மாவின் முகத்தில் வந்துதான் முடியும்.

கோயில் திருவிழாவான ஆடிக்கொடைக்கு மாவிடிக்கிற வாரத்தில், கரண்டு இல்லாமல் பொம்பளைகள் வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் கிடந்த ஒரு சாயங்காலம், சண்முகக்கனி புருஷனிடம், "நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்புங்க, பாவம், எவ்வளவு நேரம் கெடப்பாவ?" என்றாள்.

"வாளியை வரிசையில வச்சாச்சுல்லா" என்றான் அவன்.

"வாளியை வச்சாச்சுன்னா பெத்த தாய் செத்தாலும் போகப்படாது, அப்படித்தானே? எங்கம்மா முகத்தைப் பாக்க விடலையே நீரு!"

சாதாரணமாக அவள் புருஷனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். கோபம் தலைக்கேறினால்தான் அது 'நீரு' ஆகும். அன்றைக்கு அது ஆனதும் மில்லின் மோட்டார் ஒரு முறை உறுமி, பெல்ட் அசைந்து, கல் சுழன்றது. மேலே தொங்கின குண்டு பல்பு வெள்ளையாக எரிந்தது. வரிசையில் முதல் ஆளான அருணாசலவடிவு, ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதல் ஆளாக நிற்கிறவள், சேலையைத் தட்டிவிட்டு எழுந்து, "ஓடுதுல்லா, எங்க வாளியைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள். சண்முகக்கனி திட்டத் திட்ட எல்லார் அரிசியும் மாவாயிற்று. வயர்மேன் வந்து பார்த்து, மெயினில் பியூஸ் இல்லை, அது காலையிலிருந்து தன் சட்டைப்பையில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினான். டெஸ்டரைச் சண்முகக்கனி பக்கமாக நீட்டினான், அது எரிந்தது. "லைன்ல இல்ல, மதினிகிட்ட இருந்துதான் வருது" என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனான்.

ஊர் இதைப் பற்றி மூக்கில் விரல் வைக்கவில்லை. மில்லிலிருந்து முதலில் பக்கத்து வீட்டுக்கு ஒரு வயர் போயிற்று, அங்கிருந்து எதிர்வீட்டுக்கு, அங்கிருந்து கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பால் சொசைட்டிக்கு, செல்போன் டவருக்கு. எந்த வார்த்தைக்கு எவ்வளவு கரண்டு என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது: 'நீங்க'வில் சண்டை நடந்தால் தெருவிளக்கு எரியும், 'நீரு' வந்தால் மும்முனை, 'எங்கம்மா' என்ற சொல் விழுந்தால் கீழப்பற்று வயல் பம்புசெட்டு அத்தனையும் ஓடும். விவசாயிகள் வரப்பில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பஜாரில் புதிதாக ஒரு பிரிஜ் கடை திறந்தது. ஐஸ் கம்பெனி வந்தது. தபாலாபீஸ் கம்ப்யூட்டர் கண் திறந்து, போன வருஷத்து மணியார்டர்கள் பட்டுவாடா ஆயின.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் சமாதானமாக இருந்துவிட்டால் போதும், ஊருக்குப் பொறுக்காது. அருணாசலவடிவு ஒரு கிண்ணத்தில் பணியாரத்தை மூடிக்கொண்டு வருவாள். "ஒண்ணுமில்ல மதினி, சும்மாதான் வந்தேன். அண்ணாச்சி நேத்து முக்குக் கடையில பரோட்டா சாப்பிட்டாவளாமே, வீட்டுக் குழம்பு பிடிக்கலையோ என்னமோ" என்பாள். அவள் படியிறங்குவதற்குள் தெருவிளக்கு எரியும். ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்திப் பேசினால் டீக்கடையில் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, இப்படி இருந்தா ஊரு எப்படி உருப்படும்?" என்று கண்டிப்பார்கள்.

முதலில் சண்முகக்கனிக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கோயிலில் முதல் சுண்டல் அவளுக்கு வந்தது, பஸ்ஸில் எழுந்து இடம் விட்டார்கள். போகப் போக அது கசந்தது. ஏழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவள் மாய்ந்த ஒரே சேதியை இப்போது ஊர் முழுக்கக் கேட்டது, கேட்டுவிட்டு மிக்ஸி போட்டது. எங்கம்மா என்று அவள் நெஞ்சு வெடிக்கக் கத்துகிறபோது சுற்றி நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தார்கள்.

இப்படி ஒரு வருஷம் ஓடிற்று. ஊரில் நல்லது நடந்தால் அரசாங்கத்துக்குத் தெரியாமல் போகலாம், அனுமதியில்லாமல் நடந்தால் தெரியாமல் போகாது. தலைநகரில் வணிகம், தபால், மின்சாரம், தந்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மேற்பார்வை ஆணையம் இருந்தது. தந்தி செத்துப் பல வருஷமாகியும் பெயர்ப்பலகையிலிருந்து அதை எடுக்க உத்தரவு வரவில்லை. அந்த ஆணையத்திலிருந்து பதிவுத்தபால் ஒன்று வந்தது: மேற்படி தம்பதியர் உரிமம் பெறாமல் மின் உற்பத்தி செய்வதும், அதை மூன்றாம் நபர்களுக்கு விநியோகிப்பதும், உற்பத்தி நேரத்தை முன்கூட்டி அறிவிக்காததும் குற்றம். பின்னாலேயே கரண்டு இலாகா இன்ஜினியர், ஏ.ஈ. ஜெயசிங் வந்து சேர்ந்தான். மெலிந்த, நல்ல பையன், கல்யாணமாகாதவன். மில் சுவரில் ஒரு மீட்டரைப் பொருத்தி ஈயமுத்திரை வைத்தான். அவர்கள் சண்டை போடும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க, ரீடிங் எடுக்கணும்" என்பான்.

புரட்டாசியில் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேடையில், மாப்பிள்ளை பெண் உட்காருகிற சிவப்பு நாற்காலியில் ஆணையத் தலைவர் உட்கார்ந்தார். சண்முகக்கனிக்கு அருணாசலவடிவு தலைநிறையப் பூ வைத்து இரண்டாம் வரிசையில் கொண்டுவந்து இருத்தியிருந்தாள். ஐஸ் கம்பெனிக்காரர் எழுந்து, ராத்திரியில் வோல்டேஜ் இறங்குகிறது, தம்பதியர் சீக்கிரம் தூங்கிவிடுகிறார்கள் என்று புகார் சொன்னார். டவர் கம்பெனிக்காரன் ஞாயிற்றுக்கிழமையும் சண்டை வேண்டும் என்றான். விவசாயச் சங்கத்தார், நடவு முடிகிறவரைக்கும் பம்புசெட்டுக்கு இலவசமாகத் திட்ட வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். இந்தக் கரண்டைச் சூரியன், காற்று போலத் தீராத வகையில் சேர்ப்பதா, நிலக்கரி போலத் தீர்ந்துபோகிற வகையில் சேர்ப்பதா என்று தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தீராதுங்க ஐயா. புருஷன் பொண்டாட்டி சண்டைங்க" என்றான் ஜெயசிங்.

"விநியோகம் தடைபட வாய்ப்பே இல்லையா?"

ஜெயசிங் கையிலிருந்த ஒப்பந்தத்தைப் பார்த்து வாசித்தான். "ஒரே ஒரு வாய்ப்பு இருக்குங்க ஐயா. கணவர் தன் தவறை ஒப்புக்கொள்வது. அதனால் உரிமக் காலம் முழுவதும் மேற்படி தவறை ஒப்புக்கொள்ளவோ மன்னிப்புக் கேட்கவோ மாட்டேன் என்று கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

மண்டபம் கைதட்டிற்று. சண்முகக்கனி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் காற்றாடி தறிகெட்டுச் சுற்றிப் பந்தல் காகிதமெல்லாம் பறந்தது, மேடைக்கு மேலே இருந்த டியூப்லைட் ஒன்று வெடித்தது. விநியோகத்தின் தரம் திருப்திகரம் என்று தலைவர் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"போடலைன்னா மில்லுக்குப் பூட்டுன்னாவ. ஊரே வந்து நின்னுட்டு கனி."

"அது போட்டும். சொல்லணும்னு உங்க மனசுல இருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் வெகுநேரம் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தான், கையில் மாவே இல்லை. "போன தீவாளிக்கே சொல்லணும்னு இருந்தேன். வடிவு வந்து, பிள்ளைக பரீட்சை முடியட்டும், பொறவு சமாதானமாப் போங்கன்னா. பரீட்சை முடிஞ்சதும் கொடை முடியட்டும்னாவ. கொடை முடிஞ்சா ஆணையம் வந்துட்டு."

சண்முகக்கனிக்கு அப்போதுதான் எல்லாம் வெட்டவெளிச்சமாகப் புரிந்தது. அன்றைக்கு அம்மாவின் முகத்துக்கு முன்னால் வாளிகள் வரிசையாக நின்றன. இன்றைக்கு அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அதே வாளிகள், அதே வரிசை, அதே 'இந்த ஒரு ஈடு முடியட்டும்'. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சீ, போ என்றாகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் பேச்சு நின்றது. கேட்டால் பதில், வைத்தால் சாப்பாடு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. தெருவிளக்கு மங்கிற்று, பால் திரிந்தது, ஐஸ் கம்பெனி வாசலில் தண்ணீர் ஓடிற்று. ஜெயசிங் வந்து குறைந்தபட்ச விநியோகம் என்று ஒரு விதியைச் சொல்லி, தவறினால் அபராதம் என்றான். பாவம், பையன் வேலைக்கு உலை வைக்கக் கூடாதே என்று அவளும் ஒரு நாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எங்கம்மா முகத்தைப் பாக்க விடலையே நீரு" என்று சொல்லிப் பார்த்தாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. மீட்டரில் முள் அசையவில்லை. எங்கே அந்த வலியையும் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்களோ என்று பயந்து, அன்று முழுக்க அம்மாவின் முகத்தை நினைவில் கொண்டுவரப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தீபாவளிக்கு முதல் நாள் ஆணையத் தலைவரே நேரில் வந்து உரிமத்தைக் கையில் கொடுத்து விளக்கு ஏற்றிவைப்பதாக ஏற்பாடு. ஊர் சாமர்த்தியமான ஊர், நாளைச் சும்மா பார்க்கவில்லை. அது அவள் அம்மா போன நாள், அன்றைக்காவது அவளுக்குப் பொங்கி வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மில் வாசலில் பந்தல், மைக், மாலை. அதிரசத்துக்கு ஊறின ஈர அரிசி, வாளி வாளியாக, வாசலைத் தாண்டித் தெருமுக்கு வரைக்கும் நின்றது.

அருணாசலவடிவு அவள் காதோரம் குனிந்து, "மதினி, அம்மாவை நல்லா நெனச்சுக்க. இந்த ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சிரு" என்றாள். சண்முகக்கனி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அம்மா போன அன்றைய வரிசையிலும் முதல் வாளி இவளுடையதுதான். அந்த நினைப்பில் பந்தல் விளக்கும் தெருவிளக்கும் ஊர் நெடுக மங்கலாக எரிந்தன, மைக் லேசாக இரைந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயசிங் மீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு ஆவுடையப்பனுக்குத் தலையசைத்தான். அவன் சொல்ல வேண்டியதை எழுதியே கொடுத்திருந்தார்கள்: வாளியை வரிசையில வச்சாச்சுல்லா, இவ்வளவுதான், அதைச் சொல்லிவிட்டு அவன் நகர்ந்துகொள்ள வேண்டும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

"வாளியை" என்று ஆரம்பித்தான் ஆவுடையப்பன். வரிசையைப் பார்த்தான், தெருமுக்கு வரைக்கும் பார்த்தான். இறங்கிப் போய் முதல் வாளியைத் தூக்கினான். எல்லாரும் மில்லுக்குள் கொண்டுபோகிறான் என்றுதான் நினைத்தார்கள். அவன் அதைக் கொண்டுபோய் அருணாசலவடிவு கையில் கொடுத்தான்.

"எடுத்துட்டுப் போம்மா. இன்னைக்கு அரைக்கல."

"என்ன அண்ணாச்சி இது, ஈர அரிசில்லா, புளிச்சிருமே" என்றாள் அவள்.

"புளிச்சா புளிக்கட்டும்."

இரண்டாவது வாளியை எடுத்தான், கொடுத்தான். மூன்றாவதை எடுத்தான். அப்பா காலத்துச் சட்டம் ஒவ்வொரு வாளியாக வரிசையிலிருந்து எழுந்து போயிற்று. வேட்டியெல்லாம் ஊறல் தண்ணீர் சொட்ட அவன் திரும்பி வந்து பெண்டாட்டிக்கு முன்னால் நின்றான். மைக் இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

"அன்னைக்கும் நான் இப்படித்தான் செஞ்சிருக்கணும். செய்யல. என் தப்புதான் கனி."

முதலில் மைக் நின்றது. பிறகு பந்தல் சீரியல் செட், தெருவிளக்கு, கோயில், பால் சொசைட்டி, பஜார் என்று ஒவ்வொன்றாக அவிந்துகொண்டே போய், கடைசியில் டவரின் உச்சியில் இருந்த சிவப்பு விளக்கும் அணைந்தது. இருட்டில் யாரோ ஒருவர் ஐயையோ என் பிரிஜ் என்றார். தலைவர் செல்போன் வெளிச்சத்தில் விதியைத் தேடிப் படித்து, அங்கேயே நின்றபடி உரிமத்தை ரத்து செய்தார். அது அவர் கொடுக்காத உரிமம் என்பதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கூட்டம் இருவரையும் வாயில் வந்தபடி ஏசிற்று. ஊரே சேர்ந்து அவ்வளவு ஏசியும் ஒரு பல்பு எரியவில்லை.

வீட்டுக்குள் சண்முகக்கனி தரையில் உட்கார்ந்து அழுதாள். இருட்டு நல்லதாகப் போயிற்று, மூக்கைச் சிந்திச் சிந்தி ஆசை தீர அழுதாள். அம்மாவின் முகம், தேடித் தேடிக் கிடைக்காமல் போனது, நெற்றித் தழும்போடு நன்றாக எழுந்து வந்து நின்றது. ஆவுடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அழுகை அடங்கினதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இத்தனை வருஷமா நாக்கு எங்க போயிருந்தது? ஊரைக் கூட்டி மைக் வச்சுத்தான் சொல்லணுமாக்கும். இதே வீட்டுக்குள்ள, நான் குழம்பு ஊத்தையில, ஒரு நாள் மெதுவாச் சொல்லியிருந்தா கிரீடம் எறங்கிருமா உங்களுக்கு?"

சாமிப்படத்துக்கு மேலே இருந்த ஜீரோ வாட்ஸ் பல்பு, லேசாக, பச்சையாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. தாடியில் அவ்வளவு நரை எப்போது ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. "எந்திரிங்க, சோறு ஆறிப் போச்சு" என்றாள்.

விடிந்ததும் மீட்டரைக் கழற்றிக்கொண்டு போக ஜெயசிங் வந்தான். மில் பூட்டிக்கிடந்தது. ஆனாலும் பழக்கம் போகாமல் யாரோ நாலைந்து வாளிகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாமிப்படத்துப் பல்பு மில்லை ஒட்டின வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் மீட்டரைப் பார்த்தான். முள் கொஞ்சூண்டு அசைந்தது, எந்தக் கணக்கிலும் சேராத அளவு. இந்த அளவுக்கு உரிமம் தேவையில்லை, ஆணையத்துக்கு இதில் அதிகாரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஈயமுத்திரையை அறுத்தான்.

சண்முகக்கனியும் ஆவுடையப்பனும் கையில் பழமும் பூவுமாக வெளியே வந்தார்கள். கீழக்கூட்டத்துக்கு முதல் பஸ் வருகிற நேரம். "நல்ல வேட்டியைக் கட்டச் சொன்னா இந்தப் பழுப்பைக் கட்டிக்கிட்டு வாரீங்களே, எங்கம்மா படத்துக்கு முன்னால போயி நிக்க வேண்டாமா" என்று அவள் பாடிக்கொண்டே வந்தாள். "சரி சரி, வெரசா நட, பஸ் போயிரும்" என்று அவன் வாளிகளைத் தாண்டி முன்னால் நடந்தான்.

அவர்கள் ஏறின பிறகும் ஜெயசிங் ஜன்னலருகே மீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றான். பஸ் ஓடைப்பாலம் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பல்பு எரிந்தது.